காந்தம் ஒட்டாத கிட்டாரைத் தேடி

போன வருடம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குத் தனியாகப் பேருந்தில் போனேன். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதற்காக. நாற்பது வயதைத் தாண்டிய, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, படகுச் சாமான் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பேருந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டும்போது நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே இறங்கி எதிர்ப்பக்கம் வரும் பேருந்தில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நடத்துனர் ஏதாவது நினைப்பாரே என்ற பயத்தில்தான் இறங்கவில்லை.

நான் அப்படித்தான். கேஸை மூடினோமா என்று தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். கடையில் ஒரு போல்ட்டை விற்றுவிட்டு, அது நடுக்கடலில் உடைந்தால் என்ன ஆகும் என்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருப்பேன். என் கணவர் விசைப்படகில் டிரைவர். அவர் வர அரை மணி நேரம் தாமதமானால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊரில் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், வாசல் பூட்டு எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் படகுக்கு வாங்கும் போல்ட், கொக்கி, வளையம் எல்லாவற்றையும் நாங்கள் காந்தம் வைத்துத்தான் பார்ப்போம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் மட்டம் என்று அர்த்தம், சீக்கிரமே துருப்பிடிக்கும். கடையில் சேர்ந்ததும் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு துண்டுக் காந்தம் எப்போதும் என் பர்ஸில் இருக்கும். மூக்குத்தி வாங்கப் போனபோதுகூட அதை வைத்துப் பார்த்தவள் நான்.

கிட்டார் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். படிப்பை நிறுத்திய வருடம் மாதா கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். திருவிழாவுக்கு முன்னால் ஒரு மத்தியானம் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வேறு பங்குக் கோவிலிலிருந்து ஒரு அண்ணன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்திருந்தார். கோவில் ஸ்பீக்கரில் ஒயரைச் செருகி ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். எங்கள் குழுவின் மரக் கிட்டாரில் தட்டினால் சத்தம் அப்போதே செத்துப்போகும். இது போகவில்லை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஊதுவதுபோல நீண்டுகொண்டே இருந்தது. நான் பாட வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பயிற்சி முடிந்ததும் நானும் கிட்டார் பழகலாமா என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். "பொம்பளப் பிள்ளையளுக்குப் பாட்டே போதும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதனாலேயே மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் குழுவில் இன்றைக்கும் நான் பாடுகிறேன். கீபோர்டு வந்த பிறகு மரக் கிட்டாரை யாரும் தொடுவதில்லை, அலமாரியில் கிடக்கிறது. அலமாரிச் சாவி என் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதில் விரல் வைக்கப் பழகினேன். என் கணவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஏளா, என்ன விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு? கடையில வடம் இழுக்கச் சொல்லுதாரா மொதலாளி அண்ணாச்சி?"

"கோவில் கிட்டார வாசிக்கேன்."

"இத்தன நாளா எங்கிட்ட சொல்லலயே."

"சொன்னா சிரிப்பிய."

நன்றாகச் சிரித்தார். பிறகு, "சரி, சிரிச்சாச்சு. இனிமே பயப்படாம வாசி" என்றார்.

போன வருடம் எனக்குச் சீட்டு விழுந்தது. வாஷிங் மிஷின் வாங்கலாமா என்று கேட்டேன். "துணிய நான் துவைச்சுக்கிடுதேன். நீ அந்தக் கிட்டார வாங்கு" என்றார். உடனே இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒரு தடவதான் நம்மால வாங்க முடியும். எஞ்சின் எடுக்குத மாதிரி பாத்து எடு. சாகுத வரைக்கும் உழைக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ நாள் தூக்கம் போனது. எந்த மரம், எந்தக் கம்பெனி, எதைப் பார்த்து எடுப்பது, தப்பாக எடுத்துவிட்டால் என்ன செய்வது? ஆயுளுக்கும் ஒன்று என்றால் ஒரு தடவை தவறினாலும் ஆயுளுக்கும் தவறுதான். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கிற வேலை இருந்ததால் அன்றைக்கு அவரால் என்னோடு வர முடியவில்லை.

திருநெல்வேலியில் அந்தக் கிட்டார் கடை மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. ஓரமாக நாற்காலியில் காக்கிப் பேண்ட்டும் பூப்போட்ட சட்டையுமாக மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேண்ட்டையும் பூட்ஸையும் பார்த்ததும் போலீஸ் என்று தெரிந்துவிட்டது. எந்தத் தப்பும் செய்யாமலே அவர் கண்ணில் படாதபடி மறுபக்கம் ஒதுங்கி நின்றேன்.

விற்பனையாளர் தம்பி வந்தார். "வாங்கம்மா. பையனுக்கா?"

"ஆமா" என்றேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நெடுநாள் ஆஸ்பத்திரி, நேர்ச்சை என்று அலைந்தோம். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துகொண்டோம். அப்படி இருந்தவளுக்கு, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போன அரை நிமிடத்தில் ஒரு மகன் வந்துவிட்டான். எனக்குத்தான் என்று சொல்ல அத்தனை வெட்கமாக இருந்தது.

"எத்தன வயசும்மா?"

"பதினாலு."

அந்த வயது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று அப்போது தெரியவில்லை.

அவர் சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "பழகுத பசங்களுக்கு இது போதும்மா. ரெண்டு வருசத்துல தூக்கிப் போட்டுட்டு பைக் கேப்பான்." எனக்கு உள்சுவரில் தொங்கிய இன்னொன்றின் மேல் கண். கருப்பட்டி நிறம், பளபளப்பு அதிகம் இல்லை. அதைக் காட்டச் சொன்னேன். "அது கச்சேரிக்காரங்க எடுக்குததும்மா. பையனுக்கு என்னத்துக்கு?" என்று முனகிக்கொண்டே எடுத்து மேஜை மேல் படுக்க வைத்தார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கிட்டார் எதிரே கிடக்கிறது. மடியில் வைத்து வாசித்துப் பார்த்தால்தானே நமக்கு ஆகுமா என்று தெரியும்? ஆனால் பையனுக்கு என்று சொல்லியாகிவிட்டது. பையனுக்கு வாங்க வந்த அம்மா எப்படி உட்கார்ந்து வாசிப்பாள்? தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றேன். ஆயுளுக்கும் வேண்டிய ஒன்றை எதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். பர்ஸைத் திறந்து காந்தத்தை எடுத்தேன்.

சிவப்புக் கிட்டாரின் கம்பியில் வைத்தேன். ஒட்டியது. அது மட்டமானதுதான் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். கருப்பட்டி நிறத்துக் கிட்டாரின் கம்பியில் வைத்தேன். அதிலும் ஒட்டியது. எனக்குப் பகீரென்றது.

"தம்பி, இதும் துருப்பிடிக்கும் போலிருக்கே. காந்தம் ஒட்டாதது இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்படின்னா?"

"ஒட்டாத கம்பி போட்டது."

"எல்லாம் இதே கம்பிதான்மா."

நான் நம்பவில்லை. கைக்கு எட்டிய கிட்டார் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒட்டியது. அவ்வளவுதான், இந்தக் கடையில் தரமான கிட்டாரே இல்லை என்று முடிவுக்கு வந்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பாக வாங்கவில்லை, பணம் போகவில்லை, வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த மத்தியானத்துச் சத்தம் எனக்கு இனி இல்லை என்று தோன்றியது.

கடைசியாக இன்னொரு தடவை கருப்பட்டி நிறத்துக் கிட்டாரிடம் வந்தேன். கம்பிக்குக் கீழே நடுவில் இருந்த கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனேன். அது என் விரலைவிட்டுத் துள்ளிப் போய் 'டக்'கென்று அதில் ஒட்டிக்கொண்டது. பதறி இழுத்ததில் நகக்கீறல் போல ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, என்னம்மா பண்ணுதிய? சத்தத்த எடுக்குத பிக்கப்பே போச்சு. கீறல் விழுந்தத இனி யாரு வாங்குவா?" என்று அந்தத் தம்பி சத்தம் போட்டார்.

காக்கிப் பேண்ட்காரர் எழுந்து வந்தார். காந்தத்தைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"காந்தம் யாரோடது?"

"என்னோடதுதான்யா."

"கிட்டார் கடைக்கு எதுக்குக் காந்தம்?"

உளறிக்கொட்டினேன். படகு, போல்ட், உப்புக் காற்று, துரு என்று எல்லாம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "தூத்துக்குடியா? அப்பம் சரிதான்" என்றார். விற்பனையாளரிடம் திரும்பி, "சின்னக் காந்தம்டே. ஒண்ணும் ஆயிருக்காது. ஒயரைச் செருகு, பாப்போம்" என்றார்.

"ஏட்டய்யா, கீறல்..."

"கீறல நான் பேசிக்கிடுதேன். முதல்ல செருகு."

அவர் போலீஸ் ஏட்டு. விடுமுறை நாட்களில் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவராம். தன்னுடைய கிட்டாருக்குக் கம்பி வாங்க வந்திருந்தார். ஒயரைச் செருகியதும் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வந்தது. எனக்கு உயிரும் வந்தது.

"இந்தா பாருங்கம்மா. உங்க காந்தம் ஏன் துள்ளிச்சு தெரியுமா? இந்தப் பட்டைக்குள்ள இருக்கதே காந்தம்தான். மேல கம்பி ஆடுதத இது கண்டுபிடிச்சு ஸ்பீக்கருக்குச் சொல்லும். கம்பியில காந்தம் ஒட்டுனாத்தான் இதுக்குக் காது கேக்கும். நீங்க கேக்குத மாதிரி ஒட்டாத கம்பியாப் போட்டா எலெக்ட்ரிக் கிட்டாரு ஊமை."

"அப்பம் துருப்பிடிக்குமே?"

"பிடிக்கும். உங்க ஊர்ல சீக்கிரமே பிடிக்கும். கம்பி போனா கம்பிய மாத்திக்கிடலாம். சாகுத வரைக்கும் இருக்க வேண்டியது மரமும், கம்பி ஓடுத இந்தக் கழுத்தும்தான். கழுத்து நேரா இருக்கான்னு பாத்தியளா?"

அது எனக்குத் தெரியும். கடையில் படகு ஷாஃப்ட் வந்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பார்த்து வளைவு இருக்கிறதா என்று சொல்வது என் வேலைதான். கருப்பட்டி நிறத்துக் கிட்டாரைத் தூக்கி அப்படியே கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். நூல் பிடித்ததுபோல இருந்தது. சிவப்புக் கிட்டார் ஒரு பக்கமாக லேசாகத் திருகியிருந்தது.

"அதேதான்" என்றார். பிறகு மெதுவாக, "பையன் எத்தனாவது படிக்கான்?" என்று கேட்டார்.

"ஒம்பதாவது."

"கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? அவன் கையில வச்சுப் பாத்தாத்தான தெரியும்."

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கான்."

"மே மாசத்துலயா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கலாம், அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். கழுத்தைப் பிடித்துத் தூக்கியபோதே காய்ச்சுப்போன விரல் நுனிகளையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இனி என்ன கேட்பாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "ஏல, பதினாலு வயசுப் பையன் கை, அம்மா கை அளவுதாம்ல இருக்கும். அவனுக்குப் பதிலா அவங்களே பிடிச்சுப் பாக்கட்டும். ஒரு ஸ்டூலப் போடு" என்று அந்தத் தம்பியிடம் சொன்னார். "எனக்குக் கம்பி எடுத்துத் தாரேன்னு எவ்வளவு நேரமாச்சு? வா அங்கன" என்று அவரைக் கூட்டிக்கொண்டு கடையின் அடுத்த பக்கம் போனார். போகும்போது என்னிடம், "பிடிச்சாத்தான் எடுக்கணும்மா. கீறலுக்குப் பயந்து எடுத்திராதிய" என்றார். அங்கே போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தத் தம்பி எட்டிப் பார்த்தபோது, "இங்கன பாருடே" என்று அவரையும் திருப்பி வைத்துக்கொண்டார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிட்டார் மடியில் அமர்ந்த விதத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தூக்கமும் விழிப்புமாக இருக்கிற பிள்ளையை மடியில் வைத்தால் தானாக ஒரு இடம் பிடித்துக்கொள்ளுமே, அப்படி இருந்தது. ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது, ஆனால் மரத்தின் நடுக்கம் என் வயிற்றில் தெரிந்தது. கம்பியை அழுத்திய இடது கை விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். சத்தம் ஓயவில்லை. படிப்பை நிறுத்திய வருடத்து மத்தியானம், மறுபடி கேட்க வாய் வராமல் நான் நின்ற இடம், எல்லாம் அதற்குள் இருந்தது. பிறகு கோவிலில் காணிக்கைப் பாட்டுக்கு வாசிக்கிற, கார்டு என்கிற மூன்று சுரக்கூட்டுகளை வாசித்தேன். நடுவில் ஒன்று தப்பியது. அங்கே உட்கார்ந்திருந்த முதுகு அசையவில்லை.

சிவப்புக் கிட்டாரையும் வேறு சிலவற்றையும் மடியில் வைத்துப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி இல்லையா, ஒன்றோடு நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுத் திரும்பவும் கை கருப்பட்டி நிறத்துக் கிட்டாருக்கே போனது. கீறலோடு அதையே எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஏட்டய்யா சொன்னார். "பையன்ட்ட சொல்லுங்கம்மா. வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு கம்பியையும் துணியால துடைக்கணும். வேர்வையும் உப்பும் நின்னுதுன்னா போச்சு."

"சொல்லுதேன்யா" என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் கிட்டாரை மேலே வைக்க மனமில்லாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா கேட்டார், "யாருக்கு, மவனுக்கா?" இந்தத் தடவை யோசிக்காமலே தலையை ஆட்டினேன். வல்லநாடு தாண்டும்போதுதான் கணக்குப் புரிந்தது. எங்களுக்கு ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதமே போய்விட்டது. அது இருந்திருந்தால் பதினாலு. புதுக்கோட்டை வரும்வரை எனக்கு மகன் இருந்தான். ஜன்னல் சீட்டு வேண்டும் என்று அடம் பிடிப்பானோ, விரல் வலிக்கிறது என்பானோ, இருவரும் ஒரு கிட்டாருக்குச் சண்டை போடுவோமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பேருந்து நிலையத்தில் என் கணவர், கை முழுக்கப் படகுப் பெயிண்ட்டோடு நின்றார்.

"என்னளா, கடையில கேலி பண்ணுனானுவளா?"

"பையனுக்கான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

அவர் கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என்ன வயசுன்னு கேட்டிருப்பானுவளே."

"பதினாலுன்னேன்."

வண்டியை எடுக்காமல் சாவியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவரும் அந்தக் கணக்கை இத்தனை வருடமும் வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு சொன்னார்.

"சரி. அவன் வாரது வரைக்கும் நீ வாசி."

கிட்டாரைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி, உள்ளறையில் துணி சுற்றித் தொங்கவிட்டிருக்கிறேன். ஏட்டய்யா சொன்னதுபோலவே கம்பிகள் சீக்கிரமே துருவேறிவிடுகின்றன, மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். கழுத்து நூல் பிடித்ததுபோல அப்படியே இருக்கிறது. கடையில் இன்றைக்கும் போல்ட்டுகளில் காந்தம் வைத்துப் பார்க்கிறேன், ஒட்டினால் ஒதுக்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து வாசித்து முடித்ததும், துருப்பிடிக்கக் கூடிய கம்பியிலிருந்துதான் அந்த ஓயாத சத்தம் வருகிறது என்று நினைத்தபடி ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். அப்படித் துடைக்க வேண்டும் என்று, எனக்கு இல்லாத மகனுக்கும் சொல்லி வைக்கிறேன்.